கற்றற்பேறு

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
முதலாவது சுலபம்:
சனிக்கிழமை, ஒன்பது முதல் பதினொன்றரை வரை,
பொகவந்தலாவை, நாகமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு.
தரம் ஏழும் எட்டும், பதினான்கு பேர்.
செயற்பாடு: தராசு செய்தல்.

பொருட்கள் என்ற கட்டத்தில்
கொழும்பிலிருந்து வந்த பெட்டியைப் பற்றி எழுத வேண்டும்.
பெட்டியில் மினுக்கத் தாளும் பசையும் இருந்தன.
நாங்கள் எடுத்ததோ
கக்கூசுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த மூங்கில்,
பவிஷ்காவின் கொடிக்கயிறு,
சதுர்ஜன் வீட்டு ஓட்டை வாளியின் கைப்பிடிக் கம்பி,
ஒரு லீற்றர் சோடாப் போத்தல்.

கிலோவுக்கு எங்க போறது மிஸ்?
பீலிக்கு, என்றேன்.
ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ.
சிரித்தார்கள். கடையில் இரும்பாக இருப்பது
இங்கே இரவும் பகலும் சும்மா ஒழுகுமா?
கெவின் மட்டும் சிரிக்கவில்லை.
அப்ப போத்தலோட பாரம், மிஸ்?
எனக்குத் தோன்றவில்லை அது.
மூடியால் அளந்து தண்ணீரைக் குறைத்தான்.
மூங்கிலில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு,
பிளேடால் அவன்தான் கீறினான்,
நூல் பிடித்தாற்போல.

கட்டையான பக்கத்தில் பாரம்,
நீளமான பக்கத்தில் நகரும் போத்தல்.
ஒரு கோழியை நிறுத்தோம். அது ஒத்துழைக்கவில்லை.
ஏழாம் தரத்துப் புத்தகப்பை ஆறரைக் கிலோ.
(இதற்குக் கட்டம் இல்லை.)

வீட்டுக்குக் கொண்டு போகவா, என்று பவிஷ்கா கேட்டாள்.
கொண்டு போ, என்றேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

புதன்கிழமை பின்னேரம்,
கொழுந்து மடுவத்துக்கு ஏறும் படிகளுக்குக் கீழே
கொய்யாக் கிளையில் கோலைக் கட்டியிருக்கிறாள்.
மூன்று பேர் ரெட்டை இறக்கித் தந்தார்களாம்,
அவளுடைய அம்மாவும் சேர்த்து.
விஞ்ஞானக் கொப்பியில் அட்டவணை,
அடிமட்டம் வைத்து:
பெயர், எங்கள் கோல், மடுவத்துத் தராசு, வித்தியாசம்.
பத்தொன்பது, பதினாறு, மூன்று.
இருபத்தொன்று, பதினெட்டு, மூன்று.
பதினேழரை, பதினாலரை, மூன்று.
அலகு எழுத மறக்கவில்லை.
கீழே ஒரு குறிப்பு: ரெட்டு மட்டும் அரைக் கிலோ.
இன்னொன்று: இன்று மழை இல்லை.

அம்மா என்ன சொன்னாங்க?
ரெட்டுக்கு ஒன்னு, தண்ணிக்கு ரெண்டு,
எப்பவும் உள்ளதுதானேன்னாங்க.
கோலை உள்ள வையின்னாங்க.

வகுப்பில் யாரும் பேசவில்லை.
மடுவத்தில் பேனை பிடிப்பவர் கெவினின் அப்பா.
நான் வாடகைக்கு இருப்பது
அவர்கள் வீட்டு முன்னறையில்.
நேற்றிரவும் அந்த வீட்டுச் சோறு.

கோல் பிழைச்சிருக்கும் மிஸ், என்றான் கெவின்.
இருக்கலாம், என்றேன், அவசரமாக.
இப்போதும் காது சுடுகிறது.

அவன் எழுந்து பீலிக்குப் போனான்.
ஐந்து போத்தல்களை நிரப்பி,
ஒவ்வொன்றிலும் மூடியளவு குறைத்து,
மொத்தமாய்க் கட்டித் தொங்கவிட்டான்.
ஐந்தாம் கோட்டில் கோல் நேராக நின்றது.
கழற்றினான். மறுபடி கட்டினான்.
ஐந்து.
மூன்றாம் முறை
பவிஷ்காவைக் கூப்பிட்டு, நீ பிடி, என்றான்.
சட்டைக் கை முழுக்க ஈரம்.

மூடுபனி ஜன்னல் வழியே வந்து
கரும்பலகையில் பாதியை எடுத்துக்கொண்டது.
பதினொன்றரை ஆகியும் ஒருவரும் பையைத் தூக்கவில்லை.

ஐந்தாம் கட்டம்:
அடுத்த வாரச் செயற்பாடு.
அவர்களே அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள்,
காகித மலர்கள்.

வாசலில் கெவின் திரும்பினான்.
முகத்தைப் பார்க்காமல்
செருப்பு வாரைச் சரிசெய்தபடி கேட்டான்:
மழை எவ்வளவு பெஞ்சதுன்னு அளக்க
ஒரு சாமான் இருக்குதாமே மிஸ்,
அதை நாங்களே செய்யலாமா?

காகித மலர்களை வெட்டிவிட்டு
மழைமானி என்று எழுதினேன்.
ஆறாவது கட்டம், கற்றற்பேறு,
இரண்டு வரிக்குத்தான் இடம்.
முன்னறையில் விளக்கு எரிகிறது.
பக்கத்து அறையில்
அப்பாவும் மகனும் சாப்பிடுகிறார்கள்,
கோப்பைச் சத்தம் மட்டும்.
பேனையை மூடாமல் வைத்திருக்கிறேன்.