மீட்டர் பெட்டிக்கு ஒரு மூடி

செவ்வாய்க்கிழமைக் காற்று
எங்கள் எரிவாயு மீட்டரின் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
புந்தா அரேனாஸில் இது ஒரு செய்தியே இல்லை.
போன மாதம் பக்கத்துத் தெருவில்
ஒரு கோழிக்கூண்டே கிளம்பி
நீரிணைப் பக்கம் போனது, உள்ளே கோழி இல்லை, நல்லவேளை.
புது மூடி வர ஆறு வாரம் என்றார்கள் போனில்,
அல்லது எட்டு.

கொட்டகையில் செத்துக் கிடந்தது வாஷிங் மெஷின்.
எட்டுத் திருகாணி கழற்றி
அதன் இடது விலாவை எடுத்தேன்.
முக்கால் மில்லிமீட்டர் தகடு, வெள்ளைப் பூச்சு,
தட்டினால் இன்னும் ஏதோ துவைக்கிற அதிர்வு.

கோடு பென்சிலால்தான்.
ஊசியால் கீறினால் மடிக்கையில் அங்கேயே வெடிக்கும்.
மடிப்பும் மடிப்பும் சந்திக்கிற மூலையில்
சின்னதாய் ஒரு துளை,
இல்லையென்றால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல்
தகடு அங்கேயே கசங்கிவிடும்.

தோப்ரிலாவின் கணவன் ஒசியேல் வந்தான்,
நான்கு கிளாம்ப்,
ஒரு கட்டிலின் நீளச்சட்டம் இரண்டு.
நல்ல கோண இரும்பு, துரு இல்லை.
கட்டில் எங்கே என்று நான் கேட்கவில்லை.
தங்கையிடமும் கேட்கவில்லை.

இரவு பத்து.
ஜனவரி வெளிச்சம் வாசலைவிட்டு நகரவில்லை.
இரண்டு சட்டத்துக்கு நடுவே தகட்டை இறுக்கி,
பலகையை முழு நீளத்துக்கும் அணைத்து
இருவரும் சேர்ந்து தள்ளினோம்.
வெறும் கையால் தள்ளினால் நடுவில் தொப்பை விழும்.
தொண்ணூறு வந்தது.
பலகையை எடுத்ததும்
எண்பத்தாறுக்குப் போய் நின்றுகொண்டது.

சட்டத்தின் முகத்தை அரத்தால் கொஞ்சம் சாய்த்தேன்.
தொண்ணூற்று நான்குக்குத் தள்ளினால்
திரும்பி வந்து தொண்ணூறில் நிற்கிறது.
"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா" என்றான் ஒசியேல்.
எதைச் சொன்னானோ.

எதிர்ப்பக்கமும் சுத்தமாய் மடிந்தது.
மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம்.
எழுந்து நின்ற இரண்டு சுவரும்
சட்டத்தை உள்ளே விடவில்லை.
திருப்பிப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம்,
கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தோம்.
இரண்டு சுவருக்கும் நடுவில் உட்காரும் அளவுக்கு
சட்டம் குட்டையாக வேண்டும்.
அவ்வளவுதான், வேறு வழி கிடையாது.

ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டு
அவன் முகத்தைப் பார்த்தேன்.
வெட்டினால் அது கட்டிலுக்குத் திரும்பாது.
மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
கையுறையை மாட்டினான்.
"வெட்டு, வெஸ்னா."

வெட்டு முடிய நேரமானது. நல்ல இரும்பு.

அப்புறம் மூன்றாவது, நான்காவது,
ரப்பர் சுத்தியலால் மூலைகளில் இரண்டு தட்டு.
மேசையில் கவிழ்த்தால் ஆடவில்லை.
விளிம்புக்கு அடியில் ஒரு தாள்கூட நுழையவில்லை.
இவ்வளவு ஒழுங்கான ஒன்றை
நான் இதுவரை செய்ததில்லை.

வெளியே ஓடிப்போய்ப் பெட்டிமேல் வைத்தேன்.
இறங்கவில்லை.

பெட்டியின் அகலத்தையே
மூடியின் அகலமென்று கோடு போட்டிருக்கிறேன்.
தகட்டுக்கும் தடிமன் உண்டு.
இரண்டு சுவர், இரண்டு முக்கால்,
ஒன்றரை மில்லிமீட்டர்.
ஒசியேல் சிரித்தான், வந்ததிலிருந்து முதல் தடவை.
காற்று அதையும் பிடுங்கப் பார்த்தது,
மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.
திருகாணி போட்டுவைக்க ஆகும்.

வாஷிங் மெஷினுக்கு வலது விலாவும் இருக்கிறது.

"நாளைக்கும் கிளாம்ப் வேணுமா?" என்றான்,
சோபாவைப் பார்த்தபடி.
வேணும் என்றேன்.