பூச்சிய முனை

நாடாவின் பூச்சிய முனை என் கையில்.
மறுமுனை பரிசோதகர் ஏக்கநாயக்கவிடம்.
நடுவில் நோர்வூட் தாண்டி மேலேறும் ரோடு,
அதன் ஒன்பது முடக்கு,
நேற்றிலிருந்து விடாத தூறல்,
ஒரு முதலாளியின் விண்ணப்பம்.

மதுவரித் திணைக்களத்தில் நான்
மொழிபெயர்ப்பு உதவியாளர். மூன்று மாதமாக.
சிங்களத்தில் வருவதைத் தமிழில் போடுவது வேலை.
தமிழில் வருவதை, முடிந்தவரை.
நாடா பிடிக்கும் பையனுக்கு இன்று காய்ச்சல்.

பள்ளிக்கூடம் கீழே.
அதற்கு நேர் தலைக்கு மேலே
பழைய கூட்டுறவுக் கடை,
புதுத் தகரம் போட்டு, பச்சை அடித்து,
அனுமதிப்பத்திரத்துக்குக் காத்திருக்கிறது.
அங்கே நின்று துப்பினால்
மூன்றாம் வகுப்புக் கூரையில் விழுமாம்.
ஆனால் சட்டம் துப்புவதில்லை.
நடக்கிறது,
வாசலிலிருந்து வாசலுக்கு,
வாகனம் போகிற பாதையில்.

முப்பது மீட்டர். சோக்கால் ஒரு கோடு.
மழை அழிக்குமுன் அடுத்த முப்பது.
ஒவ்வொரு முடக்கிலும்
பள்ளிக்கூடம் கொஞ்சம் தூரம் போனது,
அங்கேயே இருந்துகொண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டு என்றார்.
தேவைக்கு மேலேயே இருக்கிறது என்றார்.
கெட்ட மனிதர் இல்லை.
போன வருடம் ஆற்றோரத்தில்
கசிப்புப் பீப்பாய்களை உடைத்தவர்.
அந்தக் கசிப்பில் கண் போன இரண்டு பேரை
ஜீப்பிலேயே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.
முத்திரை ஒட்டிய போத்தல் கிடைத்தால்
யாரும் குருடாக மாட்டார்கள் என்று
உண்மையாகவே நம்புகிறவர்.

கடை வாசலில் ஒருத்தி நின்றாள்.
கொழுந்துக் கூடை இறக்கவில்லை.
ஆட்சேபனைக் கடிதத்தில் கைநாட்டு: பூரணம்.

"எழுதிக்கம்மா.
எம்புருஷன் ஹட்டனுக்குப் போய்த்தான் குடிக்கிறான்.
பஸ்ஸுக்குப் போக மிச்சத்துக்குத்தான் குடிப்பான்.
கடைசி பஸ்ஸ விடக் கூடாதுன்னு
பாதியில எந்திரிப்பான்.
இத்தன வருஷமா எங்களுக்குக் காவல்
அந்த பஸ்ஸுதான்.
இப்ப அதயும் எடுக்குறீங்க."

சிங்களத்தில் சொன்னேன்.
'காவல்' என்ற இடத்தில் தடுமாறி
'போக்குவரத்துச் சிரமம்' என்று சொல்லிவிட்டேன்.
அவர் தலையாட்டினார்.
என் காதுமடல் சுட்டது.

பூரணத்துக்கு என்ன புரிந்ததோ.
கூடைக்குள்ளிருந்து
ஒரு வெறும் போத்தலை எடுத்தாள்.
கால் போத்தல்.
சரிவில் படுக்க வைத்து, விட்டாள்.
"எண்ணு" என்றாள்.

தேயிலைத் தூருக்குத் தூர் முட்டி,
கான் தாண்டி, ஒரு கல்லில் எகிறி,
பதினொன்று எண்ணும்போது
கீழே பிள்ளைகளின் கூச்சல்.

கொஞ்ச நேரத்தில்
குறுக்குப்பாதை வழியாக ஒரு பொடியன்,
வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு,
கையில் அதே போத்தல்.
உடையவில்லை.
"சேர், வெறும் போத்தல் எடுப்பீங்களா?
எவ்வளவு தருவீங்க?"

அவர் சிரிக்கவில்லை.
வாங்கி, கைக்குட்டையால் துடைத்து,
முத்திரை மேல் போனைப் பிடித்தார்.
மலையில் சிக்னல் வரும்வரை
எல்லோரும் காத்திருந்தோம்.
பச்சை அடையாளம்.
வரி கட்டிய போத்தல். அசல்.
அரசாங்கத்துக்கு வரவேண்டியது வந்திருக்கிறது.
இதை மட்டும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

பொடியனுக்கு
தன் சட்டைப்பையிலிருந்து இருபது ரூபா கொடுத்தார்,
பற்றுச்சீட்டு இல்லாமல்.
பூரணம் போய்விட்டாள்.
பத்து மணி நிறுவை.

படிவத்தில் தூரம்: 612 மீ.
ஆட்சேபனை: ஒன்று.
குறிப்பு என்ற இடத்தில்
இரண்டு விரல் அகலம் வெறுமை.
அதில் பதினொன்று என்று எழுதினேன்.

"பதினொன்று என்ன? மீட்டரா?"

"இல்லை சேர். எண்ணினது."

அலகு இல்லாத எண்ணை
அவர் நெடுநேரம் பார்த்தார்.
வெட்டவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை,
ஜீப்பில் ஏறும்வரை.
ஏறியதும் வைத்தார்.

பின்சீட்டில் நாடாவைச் சுற்றினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டையும் நடந்த நாடா.
பூச்சியம் கடைசியாக வந்தது,
சேறோடு,
ஓர் அட்டையும் ஒட்டிக்கொண்டு.