டிக்கிக்குக் கீழே

காரோடு தந்தது ஒரு நுரை டப்பா,
ஒரு குட்டிக் காற்றுப் பம்பு, ஒரு புன்னகை.
ஸ்டெப்னி எங்கே என்று கேட்டாள் வென்கே.
ஸ்டெப்னி இருக்கவேண்டிய பள்ளத்தில்
ஏதோ ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது,
பஸ்ஸில் நம் சீட்டைப் பிடித்துக்கொண்டு
ஜன்னலைப் பார்ப்பவரைப் போல.

காரஷோக்கிலிருந்து லாக்செல்வுக்கு
எழுபத்து நான்கு கிலோமீட்டர்.
இடையில் கலைமான் உண்டு, கடை இல்லை.
வாரம் மூன்று நாள் அந்தச் சாலையில்
இன்சுலினும் கட்டுத்துணியும் கொண்டுபோகிறவளிடம்
நுரையே போதும் என்றவன்
தெற்கத்திக்காரனாகத்தான் இருக்கவேண்டும்.

ஆகஸ்டில் ஆரம்பித்தோம்.
ஆரம்பித்தோம் என்றால்
அவள் காருக்கடியில் போனாள், நான் டார்ச் பிடித்தேன்.
"என் கண்ணுக்கு இல்லை, இரும்புக்கு."
பம்பருக்கும் தரைக்கும் நடுவே
ஒரு சாணும் நாலு விரலும்.
கேக் பெட்டி அட்டையை வட்டமாக வெட்டி
ஒட்டிப் பார்த்தாள், சுரண்டிப் பார்த்தாள்.
ஆரஞ்சுக் கேபிள் போகிற பக்கம்
சாக்பீஸால் ஒரு கோடு.
அதைத் தாண்டித் துளை போட்டால்
எனக்கு மறுகல்யாணம்தான் என்றேன்.
டார்ச் ஆடுகிறது என்றாள்.

இரும்பு, முதியோர் இல்லம் கழித்துப்போட்ட
நாலாம் எண் கட்டில்.
கீல், யோவ்னாவின் கலைமான் பட்டிக் கதவு.
வெல்டிங் மெஷினும் அவனுடையதே.
முகமூடி ஒன்றுதான் என்பதால்
நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம்,
வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள்.
எங்கள் நிழல்கள் நீலத்தில் துள்ளின.

பூனை தன் குட்டியைக் கவ்வுவதுபோலா,
குரங்கைக் குட்டி பற்றுவதுபோலா?
தொங்கட்டும், ஒரு கொக்கி போதும் என்றான் யோவ்னா.
வென்கே பூனைக் கட்சி.
அடியில் தட்டு, குறுக்கே பட்டை,
பின்னால் நீள போல்ட், அதில் ஒரு நட்,
அதன்மேல் இன்னொரு நட்,
அந்த நட்டையும் நம்பாமல் ஒரு பின்.
ஆட்களைத் தூக்கிப் படுக்கவைக்கிற வேலை அவளுக்கு.
தொங்குகிற எதையும் அவள் நம்புவதில்லை.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.
குடையோடு போகிறவனுக்கு மழை ஏது.
மாதாமாதம் போல்ட்டுக்குக் கிரீஸ் வைத்தாள்.
ஊர் அதற்கு வாஃபிள் தட்டு என்று பெயர் வைத்தது.

ஜனவரியில், மைனஸ் இருபத்தொன்பதில்,
பின்னால் வலது டயர்.
விரல் நுழைகிற கிழிசல்.
நுரை டப்பாவைக் குலுக்கியிருக்கிறாள்,
கல் குலுங்குமா?
போனில் என்னைக் கூப்பிட்டு
மேல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

ஸ்பேனர் சத்தம். மூச்சு. பனியில் முழங்கால்.
அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை,
பத்தொன்பது வருஷத் தாம்பத்தியத்தில்
நான் கேட்டேயிராதது.
எல்லாவற்றையும் அளந்தவள் இதை அளக்கவில்லை:
சக்கரம் வாரியிறைத்த பனியெல்லாம்
கீல், டயர், நட், பின் என்று பார்க்காமல்
ஒரே பாறையாக இறுகிக் கிடந்தது.
பூனை வாயைத் திறக்கமாட்டேன் என்றது.

சத்தமே இல்லை.
லைனில் இருக்கியா என்று நானும் கேட்கவில்லை.
பிறகு
மூடி திருகும் ஒலி.

எனக்குத் தெரியும் அந்தத் தெர்மாஸ்.
பாதிரியார் கேட்டும் அதில் ஒரு வாய் கொடுத்ததில்லை அவள்.
பால் கலக்காத காப்பி, ஆவி பறக்க,
முதலில் கீலில், பிறகு நட்டில்,
கொஞ்சம் கொஞ்சமாக, ஆறாத புண்ணைக் கழுவுகிற கையால்.
நான் பார்க்கவில்லைதான்.
ஊற்றும் சத்தத்திலேயே அவ்வளவும் இருந்தது.
இரும்பு ஒருமுறை முனகியது.
தொப்.
"வந்துட்டான்" என்றாள்
பிரசவம் பார்த்தவள் குரலில்.

பத்தரைக்கு வீடு வந்தபோது
காரின் பின்பக்கம் காப்பிக்கடையாக மணந்தது.
புருவத்துப் பனி உருகும் முன்பே
மருந்துச் சீட்டின் பின்புறம் படம் போட்டாள்:
தட்டுக்குக் கீழே ஒரு ரப்பர் பாவாடை,
பனி உள்ளே ஏறாமல்.
கன்வேயர் பெல்ட் துண்டு யோவ்னாவிடம் இருக்கும்.
காலையில் எத்தனை மணிக்கு என்றேன்.

"ஆறு. அந்த டார்ச்சுக்கு
முதலில் செல் மாற்று."