எந்த நாம்

மருத்துவமனைச் சலவைப் பிரிவின் லிஃப்டில்
யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்:
பல்கலைக்கழகத்தில் ஏழு புதன்கிழமைகள், ஏழு உரைகள்.
அனுமதி இலவசம். பதிவு வேண்டாம். எல்லோரும் வரலாம்.

கழிவறைக்குக் காசு கேட்கும் ஊர் இது.
இலவசம் என்றால் நான் இரண்டு தரம் வாசிப்பேன்.
எல்லோரும் என்றால் மூன்று தரம்.

முதல் புதன், பையில்
வதிவிட அட்டை, சம்பளத் துண்டு,
எதற்கென்று தெரியாமல் தடுப்பூசிப் புத்தகமும்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தேன்.

இரண்டாம் புதன்,
கொள்ளைநோய் ஆண்டில் ஒரு வெதுப்பகக்காரி
எழுதிய கடன் கொப்பி.
செத்தவர்களின் பெயரை அவள் வெட்டியிருந்தாள்,
ஆனால் வாசிக்கக்கூடிய மெல்லிய கோட்டால்.
மறுநாள் விரிப்புகளை எண்ணும்போது
எண்ணிக்கை மூன்று இடத்தில் பிசகியது.

மூன்றாம் புதனுக்குள் இலையுதிர்காலச் சந்தை வந்துவிட்டது.
பீட்டர்ஸ்பிளாட்ஸ் முழுக்க
சீனி கருகும், பாதாம் வறுபடும் வாசம்.
சன்னலை மூடியும் ராட்டினம் உள்ளே கத்தியது.
பேராசிரியர் உர்சினா காப்ரெஸ்,
மலைப் பக்கத்துக்காரி, கரகரத்த குரல்,
ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருந்தார்:
வீர்.
ராசா தன்னை மட்டும் வீர் என்றது,
சாயப்பட்டறைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு வீர் என்றது.
"இந்த நகரத்தில் வீர் எப்போதும்" என்று
அவர் ஒரு வசனத்தைத் தொடங்க
எனக்குள் அது தமிழாக மறுத்து நின்றது.
நாமா? நாங்களா?

கேள்விகள் உண்டா என்றார்.
இங்கே மைக்கை யாரும் கொண்டுவந்து தருவதில்லை.
பஞ்சுச் சதுரமொன்றுக்குள் வைத்து எறிகிறார்கள்.
என் கை எப்போது உயர்ந்தது?
ஈரத் தலையணை போல மடியில் வந்து விழுந்தது.

எங்கள் மொழியில், என்றேன்,
உங்கள் வீர் இரண்டாக இருக்கிறது.
கேட்கிறவரைச் சேர்ப்பது ஒன்று,
கேட்கிறவரை வெளியே நிறுத்துவது மற்றது.
நீங்கள் சொன்னது எது?
ஜேர்மன் இலக்கணம் நடுவில் உடைந்தது,
பொறுக்காமல் தாண்டிப் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
தெரியவில்லை, என்றார்.
முப்பது வருடமாக இந்தச் சொல்லோடு இருக்கிறேன்,
தெரிந்துகொள்ளத் தேவை வரவில்லை.
பிறகு, கொஞ்சம் யோசித்து:
நீங்கள் இப்போது எங்கள் மொழி என்றீர்களே,
அது எது?

சதுரம் இன்னும் மடியில்தான்.
வெளியே நிறுத்துவது, என்றேன்.
மண்டபம் சிரித்தது. நானும்.
அந்தச் சிரிப்பு எந்த வகை என்று
ஸ்பாலன்டோர் நிறுத்தம் வரை யோசித்தேன்.

நான் அங்கே சொல்லாத ஒன்றும் உண்டு:
வீட்டில், அவசரத்தில்,
இரண்டுக்கும் நாங்கள் என்றுதான் சொல்லுவோம்.
நாங்கள் கடைக்குப் போவம், வாறியா?
வெளியே நிறுத்தும் சொல்லால்தான்
கூட்டிக்கொண்டும் போவோம்.

நிறுத்தத்தில் முன்வரிசை ஆள், பெயர் சும்ஸ்டெக்,
பிளாஸ்கை அக்குளில் இடுக்கியபடி
இரண்டையும் சொல்லிக்காட்டச் சொன்னார்.
நாங்கள் அவருக்குள் புகவில்லை,
ள் வழுக்கி எங்கோ போயிற்று.
நாம் உடனே வந்தது.
உதடு மூடித்தான் முடிகிறது, என்றார்.
மூன்றாம் எண் டிராம் வந்து
அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டது.

அடுத்த புதன் பழைய நிலப்படங்களில் பனி.
எனக்கு அன்று பின்நேர வேலை.
செலாமிடம் மாறித் தரக் கேட்டேன்.
இரண்டு ஞாயிறு கேட்கிறாள்.
ஒன்றரைக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.