ஒற்று மிகா இடம்

டவுன் ஹால் ரோட்டில், லாட்ஜுக்கு மேல், இரண்டாம் மாடி.
பலகையில் 'திருமணத் தகவல் சரிபார்ப்பு' என்றிருக்கும்.
உளவு என்று எழுதினால்
கட்டடக்காரர் வாடகை ஏற்றுவார் என்று
ஜெபசிங் சார் நம்புகிறார்.

நான் அங்கே ஒற்று.
மாதம் பதினாறாயிரம், பெட்ரோல் தனி.

மாப்பிள்ளை குடிப்பாரா, கடன் உண்டா,
ஏற்கெனவே ஒருத்தி உண்டா:
பெண்வீட்டார் கேட்கிற இந்த மூன்று கேள்விக்கு
மூன்று வாரம் ஸ்கூட்டியில் அலைவேன்
துப்பட்டாவால் முகம் மூடி.
இந்த ஊர் வெயிலில் முகம் மூடிய பெண்ணை
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
மாறுவேடத்துக்கு எனக்குச் செலவே கிடையாது.

இரவு விடுதிக்கு வந்து, குளித்து,
அதைத்தான் போடுவேன்.
அறுபது வருஷத்துக்கு முந்தைய லண்டன்.
கையுறை அணிந்த ஓர் ஆள்,
அது ஊதாவோ பச்சையோ, கறுப்பு வெள்ளையில் யார் கண்டது.
அவன்கூட வருகிறவள்
காதுத் தோட்டைக் கழற்றிப் பூட்டைத் திறப்பாள்.
நான்கு தடியர்களை உருட்டிவிட்டு
டீக்கோப்பையைக் கீழே வைப்பாள்.
சாசரில் ஒரு சத்தம் வராது.

கதை ஒன்றும் பெரிதில்லை.
பூந்தொட்டிக்குள் குண்டு.
கடிகாரக் கடையில் கிறுக்குப் பிடித்த விஞ்ஞானி.
கதவைச் சாத்தினால் சுவரே ஆடும், அட்டைச் சுவர்.
வசனம் எனக்குப் பாதி புரியாது.
இது ஏழாவது முறை.

அப்படி என்னடி இருக்கு அதுல, என்றாள்
அறையில் உடனிருக்கும் பர்வீன்.

அந்த வீதிகளில் ஆளே இல்லை, அதைச் சொல்லலாம்.
ஒரு கார் வந்து நிற்கும்,
ஓர் இலை விழும், அவ்வளவு.
இங்கே ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தில் மறைந்து நின்றால்
'என்னத்தா, பஸ்ஸ விட்டுட்டியா' என்று
இட்லிக் கொப்பரையின் ஆவிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.
தூங்காத ஊரில் எங்கே போய் ஒளிய?

அப்புறம் அவளை ஒருவரும்
எங்க போற, யாரோட போற, எப்ப வருவ
என்று கேட்பதில்லை, இருபத்தாறு பாகத்திலும்.
அவர்கள் இருவருக்கும் நடுவே என்ன என்பதையும்
கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
எங்களிடம் அதைத்தான்
நாலு பக்கத்தில், போட்டோவோடு கேட்பார்கள்.

போன மாதம் கலைவேந்தன் கோப்பு.
முப்பத்திரண்டு வயது, தல்லாகுளத்தில் அரசு வேலை.
பெண்வீடு திருமங்கலம்.
குடியில்லை. கடன், பைக்குக்கு மட்டும்.
ஆனால் சனிக்கிழமைதோறும் மாட்டுத்தாவணி போய்
எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல்
சிமெண்ட் பெஞ்சில் ஒரு மணி நேரம்.
ஒருத்தி வருவாள் என்று குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் சனி, பின்பெஞ்சில் உட்கார்ந்தேன்.
ராஜபாளையம் ராஜபாளையம் என்று கத்தும் கண்டக்டர்,
வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள்,
இறங்க மறுத்து அழும் ஒரு குழந்தை,
எல்லாவற்றுக்கும் அடியில், அவர் மடியிலிருந்த போனில்
அந்த எக்காளம். முதல் நான்கு சுரம்.

எட்டிப் பார்க்கவில்லை.
கடிகாரக் கடைதான்.
இதோ கதவு சாத்தும், சுவர் ஆடும்.
அவர் சிரித்தார்.
நானும், துப்பட்டாவுக்குள்.

வில்லாபுரத்தில் இரண்டு அறை வீடு, ஏழு பேர்,
அது முதல் வாரமே எனக்குத் தெரியும்.
இவ்வளவு கூட்டத்துக்கு நடுவில்தான்
ஆளில்லாத வீதி கிடைத்திருக்கிறது மனுஷனுக்கு.

ஜெபசிங் சார் முன்னாள் தமிழாசிரியர்.
அறிக்கை எதுவானாலும் சிவப்புப் பேனாவோடு படிப்பார்:
இங்கே ஒற்று மிகும், இங்கே மிகாது.
'சனிக்கிழமை?'
'எழுதியிருக்கேன் சார். பஸ் பார்க்க போவார்.'
மூக்குக்கண்ணாடிக்கு மேலாக
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு குனிந்து
அந்த வரியில் விட்டுப்போயிருந்த ஒரு 'ப்' போட்டு
கையெழுத்து வைத்தார்.