மைக் ஸ்டாண்டு இரண்டு

வேமகல் உதிரிபாகக் கம்பெனிக்கு அன்று வெள்ளிவிழா.
ரெசிடென்சி ரோடு ஓட்டல், இரண்டாம் மாடி.
பகலெல்லாம் பிரேக் பேடுகளின் கையேட்டை
ஜப்பானிய மொழியிலிருந்து பெயர்க்கிறவள்
அன்றிரவு ஒரு பாட்டுக் குழுவுக்கு
வாயாக வாடகைக்குப் போனேன்,
மணிக்கு இவ்வளவு என்று.

கிதாகுச்சி என்று பெயர்.
வடக்கு வாசல், ரயில் நிலையத்தினுடையது.
அங்கேதான் ஆரம்பித்தார்கள்,
பள்ளிச் சீருடையில் ஐந்து பேர்,
கடைசி ரயிலைத் தவறவிட்டவர்களுக்குப் பாடி.
இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.
கம்மனஹள்ளி ஹாஸ்டலில் மொழித் தேர்வுக்குப் படித்தபோது
வினைத்திரிபுகளை இவர்கள் பாட்டில்தான் கற்றேன்.
‘போகாமல் இருந்திருக்கலாம்’ என்பதை
எந்த வாத்தியாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

இரண்டாம் ஆல்பம் பட்டியலில் நான்காவது.
குளிர்தேநீர் விளம்பரம்.
திறந்தவெளி அரங்கு, மழை,
பதினெட்டாயிரம் பிளாஸ்டிக் கோட்டுகள்.
பிறகு கிதார் எய்ஜி
அப்பாவின் டோஃபு கடைக்கு ஷட்டர் தூக்கப் போனான்.
கீபோர்டு தொமொயோ ஏன் போனாள் என்பதற்கு
அறிக்கையில் ஒரே ஒரு வரி;
ஏழு விதமாகப் பெயர்த்துப் பார்த்தேன்,
ஏழிலும் காரணம் இல்லை.
பிறகு சின்ன அரங்குகள்.
சூப்பர்மார்க்கெட் திறப்பு விழாக்கள்.
பிறகு, சிக்கன் கபாப் சுற்றிவரும் இந்த ஹால்.

சிஹாரு என் அட்டையைப் படித்தாள்.
‘வ’ அவள் நாக்கில் இல்லை.
“பசுந்தரா-சான்.”
முப்பத்தொரு வருஷத்து வசுந்தரா
ஒரு நொடி புல்லாகக் கிடந்தேன்.

மர்பி டவுன் அருமைநாயகம், சவுண்டுக்காரர்:
“எத்தனை மைக்குனு கேளுங்க மேடம்.”
கேட்டேன்.
ஐந்து, என்றாள்.
டிரம்மர் மினோரு தரையைப் பார்த்தான்.
மூன்று, என்றாள்,
ரசீதில் தொகையைத் திருத்துகிற குரலில்.
அதற்குள் ஐந்து ஸ்டாண்டும் நின்றுவிட்டன.
இருக்கட்டும் என்றாள்.
அதை நான் பெயர்க்கவில்லை,
அருமைநாயகத்துக்குப் புரிந்துவிட்டது.

பாடினார்கள்.
யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது:
கொள்முதல் பிரிவு ஹோரியுச்சி
கையில் தயிர்வடையோடு
எல்லா வரிக்கும் உதடசைத்தார்.
தயிர் மணிக்கட்டில் இறங்கி
முழங்கை வரை போனது.
நடுவில் கரண்ட் கட்.
ஜெனரேட்டர் பிடிக்கும் வரை பதினோரு நொடி,
சிஹாரு நிறுத்தவில்லை.
மைக் இல்லாத அவள் குரல்
நான் நினைத்திருந்ததைவிடச் சின்னது.
ஒரு ரயில் நிலையத்துக்குப் போதும்.

எல்லாம் முடிந்து
கேபிளை முழங்கையில் சுற்றிக்கொண்டே அருமைநாயகம் கேட்டார்:
“கலைச்சிடலாமா மேடம்?”
செட்டைத்தான் சொன்னார்.
எடுத்துவைப்பதற்கு எளிய சொல் ஒன்று இருக்கிறது,
தொழிற்சாலையில் தினமும் நான் சொல்வது.
வாயில் வந்தது வேறு:
கைசான்.
சுற்றுலா முடிந்து
பள்ளிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வார்கள்.
நாடாளுமன்றத்துக்கும் அதுதான்,
பாட்டுக் குழுவுக்கும் அதுதான்.
நமக்கோ மேகம் கலையும், வேஷம் கலையும், கரு கலையும்;
இரண்டெழுத்தில் நிறுத்தினால் கலை.

மூன்று பேரும் அசையவில்லை.
மினோரு ஒரு குச்சியைக் கீழே வைத்தான்.
கொஞ்சம் பொறுத்து மற்றதை.
சிஹாரு தலை தாழ்த்தினாள்,
எனக்கா, ஸ்டாண்டுகளுக்கா தெரியாது.
“ஹாய்” என்றாள்.
அவள் மொழியில் அது ‘ஆம்’.
அருமைநாயகமும் “ஹாய்” என்று கையசைத்தார்.

பதினாறாம் நாள் அறிவிப்பு வந்தது.
‘வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றின் இரவில் முடிவெடுத்தோம்.’
இருபத்திரண்டு வருஷம்.
பிழைதிருத்தம் எதுவும் நான் அனுப்பவில்லை.
நான்கு மணி நேரத்துக்குப் பில் போட்டேன்,
ஜிஎஸ்டி தனி.

அருமைநாயகம் மட்டும்
இன்னும் மெசேஜ் போடுகிறார்:
அந்த ஜப்பான்காரங்க நம்பர் இருக்கா மேடம்,
லோடு ஏத்துறப்ப
மைக் ஸ்டாண்டு ரெண்டு
அவங்க வண்டியில போயிடுச்சு.