பத்தொன்பது அங்குலம்

கராஜின் நீளம் இருபத்திரண்டு அடி.
மூன்று முறை அளந்தேன்.
ஒரு முறை விறைத்த விரலோடு,
ஒரு முறை காப்பி குடித்துவிட்டு,
ஒரு முறை டேப்பைச் சற்றே தளர்த்திப் பிடித்து,
யாரும் பார்க்கவில்லை என்று.
படகும் டிரெய்லரும் சேர்ந்து
இருபத்து மூன்றடி ஏழு அங்குலம்.
இரும்பு யாருக்கும் தயவு பார்ப்பதில்லை.

யானை நுழைந்துவிட்டது, வால்தான் மாட்டிக்கொண்டது என்பார்கள்.
இங்கே வால் முதலிலேயே போய்விட்டது,
எஞ்சினின் விசிறி பின்சுவரில் மூக்குரச.
கழுத்துதான் வாசலைத் தாண்டி நீண்டு
கிம்லித் தெருவை எட்டிப் பார்க்கிறது.

போன குளிர்காலம் படகு வெளியே கிடந்தது.
வின்னிபெக் ஏரிக் காற்று தார்ப்பாயைக் கிழித்தது,
பனி ஏறி உட்கார்ந்தது,
ஏப்ரலில் முன்கண்ணாடி இரண்டாகக் கிடந்தது.
அதற்கான பில்லை
ஹெர்டிஸ் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள்,
வாய் திறக்காமல் திட்டுகிற காகிதம்.

எஞ்சினின் தலையை ஒருபக்கம் திருப்பினேன்:
நாலு அங்குலம் கிடைத்தது.
குறுக்காகச் செருகிப் பார்த்தேன்:
மட்கார்டு சுவரில் ஒரு கோடு இழுத்தது.
அப்புறம்தான் ஓரெஸ்டைக் கூப்பிட்டேன்.
வந்தவர் குந்தி உட்கார்ந்து
கழுத்தைத் தட்டிப் பார்த்தார்,
தர்பூசணி வாங்குகிறவரைப் போல.
"வெட்டிக் கீல் வைத்தால் கதவு மாதிரி மடங்கும்.
சாலையில் இறங்கும்போது மட்டும்
இந்த ஊசியைப் போட மறக்காதே.
மறந்தால்
படகு உன்னை முந்திப் போகும்."

அறுத்தோம். பொறி பறந்து
என் தொப்பியில் இரண்டு ஓட்டை.
பாதிக்கு மேல் போன பிறகுதான்
கழுத்துக்குள் ஒயர் ஓடுவது நினைவுக்கு வந்தது.
வெள்ளை, பழுப்பு, மஞ்சள், பச்சை,
நாலும் நறுக்கென்று.
இத்தனை வருடமாகப் பின்னால் வருகிறவனுக்கு
நான் திரும்பப் போகும் பக்கத்தைச்
சொல்லிக்கொண்டிருந்தவை.
ஓரெஸ்ட் உக்ரேனிய மொழியில் ஒரு வார்த்தை சொன்னார்.
அர்த்தம் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் மடக்குவது?
இடப்பக்கம் ஹெர்டிஸின் ஃப்ரீசர்.
உள்ளே ஒரு வருடத்து மீன்,
ஜனவரியில் ஐஸைத் துளைத்து அவள் பிடித்தது.
"கொஞ்சம் நகர்த்தினால்..."
"நகர்த்து. பின்னாலேயே உன்னையும் நகர்த்துகிறேன்."
வலப்பக்கம் என்று முடிவாயிற்று.

அக்டோபர் கடைசி சனிக்கிழமை,
ஆலங்கட்டியும் மழையும் பாதிப்பாதி.
நான் உள்ளே, பின்சுவரோரம்,
"இன்னும், இன்னும், நில்" என்று கத்துகிறேன்.
அவள் வெளியே தள்ளுகிறாள்.
ஊசியை உருவி அவளே கழுத்தை மடித்தாள்,
தூங்கும் வாத்தின் கழுத்தைப்போல்
அது பக்கவாட்டில் சாய்ந்துகொண்டது.
கதவு இறங்கியது.
ஒரு விரல் இடைவெளி விட்டு,
தரையைத் தொட்டது.

தொட்டேவிட்டது!
இருட்டில் நான் கைதட்டினேன்.
"சரியாக இருக்கிறதா?"
"கச்சிதம்."
"அப்படியென்றால் வெளியே வா."

வலச்சுவரில் ஒரு சின்னக் கதவு உண்டு,
உள்பக்கம் திறப்பது.
மடிந்த கழுத்து அதன் மேல்
முழங்கையை ஊன்றி நிற்கிறது.
சுவரை அளந்தேன், படகை அளந்தேன்,
கீலின் தடிமனை மில்லிமீட்டரில் அளந்தேன்.
அளந்த எதிலும் நான் இல்லை.

படகில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.
கூரையில் ஆலங்கட்டி பொரிந்தது.
ஃப்ரீசர் ஒருமுறை உறுமி அடங்கியது.
சொல்லப்போனால் மோசமில்லை,
அலையில்லாத ஏரி, கொசுவும் இல்லை.

"கதவைத் தூக்கவா?" என்றாள்.
"கொஞ்சம் பொறு," என்றேன்,
யோசிக்கிறவனின் குரலில்.

கதவு ஒரு சாண் உயர்ந்தது.
ஒரு கை உள்ளே வந்தது, அவளுடைய கையுறை.
தரையோடு எதையோ உருட்டிவிட்டு மறைந்தது.
கதவு மறுபடி இறங்கியது.
இறங்கி எடுத்தேன்.
டேப்.

தோளுக்குத் தோள் பதினெட்டரை.
கோட்டோடு இருபத்தொன்று.